கசப்புக்கு எத்தனை மார்க்? ஐ.பி.ஏ. பியரை வைத்து ஒரு சுவைப் பாடம்

முதல் தடவை ஐ.பி.ஏ. குடிக்கிற எல்லாருக்கும் மூஞ்சி ஒரே மாதிரிதான் போகும். கண்ணு சுருங்கும், வாய் ஒரு பக்கமா கோணும், அப்புறம் "இதுக்கா இவ்வளவு காசு?"ன்னு ஒரு பார்வை. எனக்கும் அப்படித்தான் ஆச்சு.

போன மே மாசம் பெங்களூருல ஒரு மைக்ரோப்ரூவரியில நாலு வாரம் ட்ரெய்னிங் போனேன். நான் கெமிக்கல் இன்ஜினியரிங். புக்ல படிச்ச ஃபெர்மென்டேஷனை நேர்ல பார்க்கணும்னு அப்ளை பண்ணேன், கிடைச்சது. வீட்டில் "பெவரேஜ் பிளான்ட்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். பொய் இல்லை, ஆனா முழு உண்மையும் இல்லை. எங்க பெரியப்பா குடியால போனவர். எங்க வீட்டில் பியர் என்ற வார்த்தையையே சத்தமா சொல்ல மாட்டோம்.

அதனால முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது குடிக்கக் கத்துக்கொடுக்கிற கட்டுரை இல்லை. தமிழ்நாட்டில் சட்டப்படி 21 வயசு ஆகணும், இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேருக்கு அது ஆகியிருக்காது. ஆனா கசப்பு என்கிற சுவை எப்படி வேலை செய்யுது, அதை ஒரு நம்பரா மாத்த முடியுமா என்கிற கேள்வி எல்லாருக்கும் உரியது. கடைசியில் வீட்டு சமையலறையிலேயே செய்யக்கூடிய ஒரு பயிற்சியும் இருக்கு. குடிக்காதவங்க நேரா அங்க போகாதீங்க, நடுவுல இருக்கிற கெமிஸ்ட்ரி தெரிஞ்சாதான் அது புரியும்.

சரி, ஐ.பி.ஏ.ன்னா என்ன? இந்தியா பேல் ஏல். பேர்ல இந்தியா இருக்கு, ஆனா பிறந்தது இங்கிலாந்துல. பார்லியை முளைகட்டி உலர்த்தினா மால்ட். அதை வெந்நீரில் ஊறவெச்சு சர்க்கரையை இறக்கி, ஹாப்ஸ் என்கிற கொடியின் பூக்காய்களைப் போட்டுக் கொதிக்கவெச்சு, ஆறினதும் ஈஸ்ட் சேர்த்தா பியர். எல்லா பியரும் இதுதான். ஐ.பி.ஏ.வில் ஹாப்ஸ் மட்டும் தாராளமா விழும்.

இந்தியா எப்படி உள்ள வந்தது என்பதற்கு ஒரு பிரபலமான கதை இருக்கு. இங்கிலாந்திலிருந்து கப்பல்ல வர்ற பியர் புளிச்சுப்போச்சாம், ஹாட்ஜ்சன்னு ஒருத்தர் ஹாப்ஸை அள்ளிப்போட்டு ஐ.பி.ஏ.வைக் "கண்டுபிடிச்சாராம்". கேட்க நல்லா இருக்கு, ஆனா அப்படி இல்லை. ஹாப்ஸ் அதிகமா போட்டு நாள்பட வைக்கிற அக்டோபர் பியர் இங்கிலாந்துல அதுக்கு முன்னாடியே இருந்தது. ஹாட்ஜ்சன் குடும்பத்துக்குக் கைகொடுத்தது இடம். அவங்க ப்ரூவரி லண்டனில் போ என்ற பகுதியில், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கிற பிளாக்வாலுக்குப் பக்கத்துல. கப்பல் கேப்டன்களுக்கு 18 மாசம் வரைக்கும் கடன் வேற கொடுத்தாங்க. கடன் கொடுக்கிற கடையை யார் விடுவா?

பீப்பாய்கள் நன்னம்பிக்கை முனையைச் சுத்தி, பூமத்திய ரேகையை ரெண்டு தடவை கடந்து, நாலுலேர்ந்து ஆறு மாசம் பயணம் பண்ணும். மெட்ராஸ்ல அப்போ துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்துல நிக்கும், சரக்கெல்லாம் கயிற்றால் தைத்த மசூலா படகுல அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். அப்படி வந்த பேல் ஏலைக் குடிச்சது பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளும் வியாபாரிகளும்தான். சாதா சிப்பாய்க்குப் போனது போர்ட்டர் என்கிற கறுப்பு பியர். ஆக, இந்தியா என்பது இந்தப் பியருக்கு டெலிவரி அட்ரஸ், அவ்வளவுதான்.

1820களில் ஹாட்ஜ்சன் வாரிசுகள் கேப்டன்களை ஒதுக்கிட்டு நேரடியா வியாபாரம் பண்ணப் பார்த்தாங்க. கம்பெனிக்காரங்க கடுப்பாகி, பர்ட்டன் என்ற ஊரிலிருந்த ஆல்சாப் என்பவரிடம் போனாங்க. இங்கதான் நமக்கு வேண்டிய கெமிஸ்ட்ரி வருது. பர்ட்டன் கிணத்துத் தண்ணி ஜிப்சம் பாறை வழியா வர்றது, அதில் கால்சியம் சல்ஃபேட் ரொம்ப அதிகம். சல்ஃபேட் அதிகமான தண்ணியில கசப்பு பளிச்சுன்னு, வறட்சியா முடியும். இன்னிக்கும் உலகம் பூரா ப்ரூவர்கள் தண்ணியில ஜிப்சம் கலக்குறாங்க, அதுக்குப் பேரே "பர்ட்டனைஸ்" பண்றது. ஊர்ப் பேர் வினைச்சொல் ஆகிறதெல்லாம் சும்மா கிடைக்கிற மரியாதை இல்லை.

இப்போ கசப்புக்கு வருவோம். ஹாப்ஸ் பூக்காயைப் பிரிச்சா உள்ளே மஞ்சள் பொடி மாதிரி லூபுலின் இருக்கும். விரல்ல தேய்ச்சா பிசுபிசுன்னு ஒட்டும். அதுல இரண்டு சமாச்சாரம்: ஆல்ஃபா அமிலங்கள், வாசனை எண்ணெய்கள். ரெண்டுக்கும் ஆகவே ஆகாது. ஆல்ஃபா அமிலம் தண்ணியில சரியா கரையாது. ஒரு மணி நேரம் கொதிக்கவெச்சா அதே அணுக்கள் இடம் மாறி ஐசோ-ஆல்ஃபா அமிலம் ஆகும். ஐசோமரைசேஷன், ஃபர்ஸ்ட் இயர்ல மனப்பாடம் பண்ணினோமே, அதுதான். அது கரையும், கசக்கும். ஆனா அந்த ஒரு மணி நேரத்துல வாசனை எண்ணெய் எல்லாம் ஆவியாகி அறை பூரா மணக்கும், பியர்ல ஒண்ணும் இருக்காது. நாம ரசத்தை இறக்குறப்போ கடைசியா கொத்தமல்லி போடுற லாஜிக்தான் இங்கேயும். கசப்புக்கு ஆரம்பத்துல கொஞ்சம் ஹாப்ஸ், வாசனைக்கு அடுப்பை அணைக்கிற நேரத்துல கொஞ்சம், ஃபெர்மென்ட் ஆனதுக்கு அப்புறம் சூடே இல்லாம கொஞ்சம். இந்தக் கடைசியானதை ட்ரை ஹாப்பிங் என்பார்கள்.

ஐசோ-ஆல்ஃபா அமிலத்துக்கு வேற வேலையும் உண்டு. நுரையை நிக்க வைக்கும். லாக்டோபேசில்லஸ் மாதிரி கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாவை வளர விடாது, கப்பல் பயணத்துல ஹாப்ஸ் உதவினதுன்னா இப்படித்தான். வெயில் பட்டா மட்டும் உடைஞ்சு நாறும். அதனாலதான் பாட்டில் பெரும்பாலும் பிரவுன் கலர்.

இந்தக் கசப்பை அளக்கிற நம்பர் ஐ.பி.யூ. ஒரு லிட்டர் பியரில் ஒரு மில்லிகிராம் ஐசோ-ஆல்ஃபா அமிலம் இருந்தா ஏறக்குறைய 1 ஐ.பி.யூ. நம்ம ஊர்ல சாதாரணமா கிடைக்கிற லேகர் வகை மென்மையான பியருக்கு 10, 15 இருக்கும். அமெரிக்க பாணி ஐ.பி.ஏ. 40லிருந்து 70 வரைக்கும். அளக்கிற முறை சிம்பிள்: 10 மில்லி பியரில் கேஸை வெளியேத்தி, ஒரு மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, 20 மில்லி ஐசோஆக்டேனோட 15 நிமிஷம் குலுக்கணும். கசப்பெல்லாம் மேல் அடுக்குக்குப் போயிடும். அதை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 275 நானோமீட்டரில் வெச்சு, வர்ற அப்சார்பன்ஸை 50ஆல் பெருக்கினா ஐ.பி.யூ. முதல் நாள் நான் சாதா கண்ணாடி குவெட்டை வெச்சுட்டேன். கண்ணாடியே அந்த அல்ட்ராவயலெட்டை விழுங்கிடும், குவார்ட்ஸ் வேணும். கன்னாபின்னான்னு ரீடிங் வந்தது. ப்ரூவர் அண்ணா, "தம்பி, நீ அளந்தது பியரை இல்ல, கண்ணாடியை" என்றார். பியர்-லாம்பர்ட் விதி ஞாபகம் இருக்கா? அந்த பியர் ஆகஸ்ட் பியர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, நம்ம பியருக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. இந்த ஜோக்கை நான் அந்த லேப்ல நாலு வாரமும் சொன்னேன், யாரும் சிரிக்கல.

ரெண்டாவது வாரம்தான் எனக்கு உண்மையான பாடம் கிடைச்சது. ரெண்டு பேட்ச் அளந்தேன். ஒண்ணுல அப்சார்பன்ஸ் 1.24, அதாவது 62 ஐ.பி.யூ. இன்னொண்ணு 0.96, அதாவது 48. அண்ணா ரெண்டு டம்ளர்ல ஊத்தி, எது எதுன்னு சொல்லாம, "எது 62?" என்றார். எனக்கு டவுட்டே இல்லை. இடது பக்க டம்ளர் நாக்கைப் பிடிச்சு இழுத்தது, வலது பக்கம் சாதுவா இருந்தது. இடதுன்னு எழுதி, கையெழுத்தே போட்டேன்.

தப்பு. இடதுதான் 48.

மெஷின்ல கோளாறுன்னு நினைச்சு மறுபடி அளந்தேன், அதே நம்பர். காரணம் மால்ட்ல இருந்தது. மால்ட்டை 65 டிகிரி பக்கம் ஊறவெச்சா பீட்டா-அமைலேஸ் நல்லா வேலை செஞ்சு, ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை நிறைய வரும். ஈஸ்ட் எல்லாத்தையும் தின்னுடும், பியர் வறண்டு முடியும். 69 டிகிரிக்குப் போனா ஆல்ஃபா-அமைலேஸோட கை ஓங்கி, ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் மிஞ்சும், பியர் கனமா, மெத்துன்னு இருக்கும். 48 ஐ.பி.யூ. பேட்ச் வறண்டது, தண்ணியில ஜிப்சமும் போட்டிருந்தாங்க. 62 கனமானது. கசப்பு அதிகம்தான், ஆனா அது ஒளிஞ்சுக்க இடம் இருந்தது. போதாததுக்கு, ட்ரை ஹாப்பிங் பண்ணின பியரில் 275 நானோமீட்டரில் உறிஞ்சுகிற வேற பொருட்களும் உண்டு. ஹியூமுலினோன், பாலிஃபீனால் எல்லாம் அங்கே நம்பரை ஏத்தும், ஆனா ஐசோ-ஆல்ஃபா அளவுக்குக் கசக்காது.

நாம எல்லாரும் நம்பரை நம்பி வளர்ந்தவங்க. கட்-ஆஃப், சி.ஜி.பி.ஏ., பேக்கேஜ். அந்த நம்பர் பொய்யும் சொல்லல, 62 என்பது 62தான். அது ஒரு கரைசல் உறிஞ்சின ஒளியோட அளவு. "எவ்வளவு கசக்குது?" என்கிறது வேற கேள்வி, அதுக்கு பதில் சொல்ற கருவி நாக்கு மட்டும்தான். அதனால நாக்கையும் ஒரு இன்ஸ்ட்ருமென்ட் மாதிரி காலிபரேட் பண்ணணும்னு அண்ணா ருசிக்கிற முறையைச் சொல்லிக்கொடுத்தார்.

முதல்ல அளவு. ருசிக்க 60 மில்லி போதும். ஒரு 330 மில்லி ஐ.பி.ஏ. 6.5 சதவீதம்னு வெச்சா 330 × 0.065 × 0.789, கிட்டத்தட்ட 17 கிராம் ஆல்கஹால். அது ருசி பார்க்கிற அளவு இல்லை, குடிக்கிற அளவு. அடுத்தது சூடு. ஃப்ரீஸர்லேர்ந்து எடுத்த மாதிரி ஜில்லுன்னு இருந்தா வாசனை எழும்பாது. 8லேர்ந்து 12 டிகிரி சரியா இருக்கும். வாசனைக்குக் கூடும் இடம் வேணும், அதனால டம்ளரை விளிம்பு வரைக்கும் நிரப்பக் கூடாது.

குடிக்கிறதுக்கு முன்னாடி மோந்து பார்க்கணும். அங்க எழுதி வெச்சிருந்த வார்த்தைகள் கிரேப்ஃப்ரூட், பைன் மரம். நான் சேலத்துக்காரன், பைன் மரத்தை எங்க மோந்தேன்? பேப்பரைத் தள்ளி வெச்சுட்டு என் ஞாபகத்துல இருந்ததை எழுதினேன்: பம்ளிமாஸ் தோல், கசக்கின நார்த்தை இலை, கொஞ்சம் மாங்காய்ப்பால். அண்ணா படிச்சுட்டு, "இதான் சரி, உன் மூக்குக்குத் தெரிஞ்சதை எழுது" என்றார். இந்த சிட்ரஸ் வாசனை இங்கிலாந்து பாரம்பரியமும் இல்லை. 1972இல் அமெரிக்காவில் வெளியான காஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகத்தோட புகழ் பெற்றது. செத்துக்கொண்டிருந்த ஐ.பி.ஏ.வுக்கு அமெரிக்காவில் மறுபடி உயிர் வந்ததில் அதுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு முழுங்கணும். ஸ்கூல் புக்ல நாக்குப் படம் போட்டு, நுனி இனிப்பு, அடி கசப்புன்னு எல்லை பிரிச்சிருப்பாங்களே, அது தப்பு. எல்லா இடத்துலயும் எல்லாச் சுவையும் தெரியும். முழுங்கினதும் வாயை மூடிக்கிட்டு மூக்கு வழியா மூச்சு விடுங்க, வாசனை பின்பக்கமா மேலே ஏறும். அடுத்த வாய்க்கு மூக்கைப் பொத்திக்கிட்டுக் குடிச்சா நார்த்தை இலை, பம்ளிமாஸ் எல்லாம் காணாமப் போய், வெறும் கசப்பும் லேசான இனிப்பும் மட்டும் நிக்கும். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். நான் "ருசி"ன்னு நினைச்சதுல முக்கால்வாசி மூக்கோட வேலை.

கடைசியா, எண்ணணும். கசப்பு மற்ற சுவை மாதிரி உடனே வந்துட்டுப் போறதில்லை. மெதுவா ஏறும், உச்சிக்குப் போகும், மெதுவா இறங்கும். முழுங்கினதிலிருந்து மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி, எந்த நம்பர்ல உச்சம், எந்த நம்பர்ல போச்சுன்னு குறிச்சா ஒரு கர்வ் கிடைக்கும். அடுத்த வாய்க்கு முன்னாடி தண்ணியும், உப்பில்லாத பிஸ்கட்டும். இல்லன்னா முதல் வாயோட வால்மேல ரெண்டாவது வாய் ஏறி உக்காரும், கசப்பு கூடிக்கிட்டே போகும். நான் அன்னிக்கு இடது டம்ளரை ரெண்டாவதா குடிச்சேன். தப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

பார்ல பியர்கூட உப்புக்கடலை வைக்கிறதுக்கும் கெமிஸ்ட்ரி உண்டு. சோடியம் கசப்பை அமுக்கும். காரக்கடலை வேணாம். காரத்தோட ஆல்கஹாலும் கேஸும் சேர்ந்தா நாக்கு இன்னும் எரியும்.

இதெல்லாம் கத்துக்கிட்ட பிறகு மூணாவது வாரத்துல ஒரு விஷயம் என்னை உறுத்துச்சு. எனக்கு இது பிடிக்க ஆரம்பிச்சிருந்தது. முதல் நாள் மூஞ்சி கோணின அதே பியர். கசப்பு என்பது விஷம் ஜாக்கிரதைன்னு உடம்பு அடிக்கிற மணி. பிறந்த குழந்தைகூட கசப்பு பட்டா முகம் சுளிக்கும். இதுக்காகவே நமக்கு ஏறக்குறைய 25 வகை ரிசெப்டர்கள் இருக்கு, அதில் மூணு ஹாப்ஸ் கசப்புக்கு மணி அடிக்கும். அந்த மணியை மூணே வாரத்துல நான் எப்படி மியூட் பண்ணினேன்? பிடிச்சது கசப்பா, வாசனையா, இல்ல ஆல்கஹாலா? காபி, டீ விஷயத்துல இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. பெரியப்பா ஞாபகம் இல்லாம இருந்தா இங்கேயும் வந்திருக்காது.

அண்ணாகிட்ட கேட்டேன். அவர் பதில் சொல்லாம மூணு டம்ளர் தயார் பண்ணினார். முதலாவது, ஹாப்ஸை வெறும் தண்ணியில கொதிக்கவெச்சு கேஸ் ஏத்தினது. ரெண்டாவது, அதுலயே மால்டோடெக்ஸ்ட்ரின் கரைச்சு, ட்ரை ஹாப்பிங்கும் பண்ணினது. மூணாவது அதே ஹாப்ஸ் போட்ட ஐ.பி.ஏ. முதலாவது நிலவேம்புக் கஷாயத்துல சோடா ஊத்தின மாதிரி இருந்தது, ரெண்டாவது வாய் வைக்க முடியல. அப்போ வெறும் கசப்பு எனக்குப் பிடிக்கல, அது தெளிவாச்சு. ரெண்டாவது பரவாயில்லை, வாசனை முழுக்க இருந்தது, நல்லாவே இருந்தது. ஆனா "ஒண்ணைத்தான் எடுத்துக்கலாம்னா எது?"ன்னு கேட்டப்போ கை மூணாவதுக்குத்தான் போச்சு. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஈஸ்ட் கொடுக்கிற ருசிகளும் இருக்கு, ஆறரை சதவீத ஆல்கஹாலும் இருக்கு. அந்த வித்தியாசத்துல எது எவ்வளவுன்னு என்னால பிரிக்க முடியல. மறுநாள் திரும்பச் செஞ்சேன், அதே விடை.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டு எங்க வேலை பார்க்கிறேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அண்ணனும் மொதல்ல கசக்குதுன்னுதான்டா சொன்னான்" என்றார். திட்டல. ட்ரெய்னிங்கை முடிச்சுட்டு வா என்றார். மீதி நாட்கள் பேனலில் ருசி பார்த்தேன், ஆனா முழுங்காம துப்பினேன். ஒயின் ருசிக்கிறவங்க அப்படித்தான் செய்வாங்க. பியர்ல முழுங்கினாதான் பின்கசப்பு முழுசா தெரியும் என்பது அண்ணாவோட கட்சி. என் கர்வ்ல வால் கொஞ்சம் குட்டையா வந்தது, உச்சி அப்படியேதான் இருந்தது.

இப்போ உங்களுக்கான பயிற்சி. ஒரு பாகற்காயை விதை எடுத்து, நறுக்கி, அரை லிட்டர் தண்ணியில பத்து நிமிஷம் கொதிக்கவெச்சு வடிகட்டுங்க. ஆறினதும் நாலு எவர்சில்வர் டம்ளர்ல சமமா ஊத்துங்க. முதலாவதை அப்படியே விடுங்க. ரெண்டாவதில் ரெண்டு சிட்டிகை உப்பு, மூணாவதில் ஒரு ஸ்பூன் சர்க்கரை, நாலாவதில் ஒரு நார்த்தை இலையையோ எலுமிச்சை இலையையோ கசக்கிப் போட்டு பத்து நிமிஷம் கழிச்சு எடுத்துடுங்க. டம்ளர் அடியில நம்பர் ஒட்டி, வேற யாரையாவது விட்டு இடம் மாத்தி வைக்கச் சொல்லுங்க. நாலுலயும் இருக்கிறது ஒரே பாகற்காய்த் தண்ணி. பாகற்காய்க்குன்னு ஒரு ஐ.பி.யூ. மீட்டர் இருந்தா நாலுக்கும் ஏறக்குறைய ஒரே நம்பர்தான் காட்டும். ஒவ்வொரு வாய்க்கும் நடுவுல தண்ணி குடிச்சு, முழுங்கினதிலிருந்து எண்ணி, உச்சம் எப்போ, முடிவு எப்போன்னு எழுதுங்க. நாலையும் ஒரு தடவை மூக்கைப் பொத்திக்கிட்டும் செய்யுங்க. இலை போட்ட டம்ளர் அப்போ என்ன ஆகுதுன்னு கவனிங்க.

எங்க அம்மா இதைச் செஞ்சப்போ உப்பு டம்ளரைத்தான் நாலுலயும் கசப்பு குறைவுன்னு எடுத்தாங்க, சர்க்கரையைவிட. உங்க வீட்டு ரிசல்ட்டை எழுதி அனுப்புங்க. அடுத்த இதழ்ல எல்லாத்தையும் சேர்த்து ஒரு கிராஃப் போடறேன்.